பவளம் கேட்டாள்

சேலத்துக்காரனுக்குக் கடல் என்றால் மேட்டூர் டேம்தான். ராமேஸ்வரம் கிளம்பிய என்னிடம், நிச்சயமான பெண் போனில், "ஷோகேஸ்ல வைக்க ஒரு பவளப்பாறைத் துண்டு கொண்டு வாங்க" என்றாள். முதல் உத்தரவாச்சே!

பாம்பன் பக்கம் ஒரு படகுக்காரர், "பாறை மேலேயே இறக்கி விடறேன் சார், உடைச்சுக்குங்க" என்றார். கட்டணமும் குறைச்சல். லைஃப் ஜாக்கெட்? "இடுப்பளவு தண்ணிதானே!" நீச்சல் தெரியாத நான் மெல்ல நழுவி, குந்துகாலில் வனத்துறைப் படகு பிடித்துக் குருசடைத் தீவுக்குப் போனேன்.

கூட வந்த ஊழியர் சொல்லித்தான் தெரியும்: அது பாறையில்லை, உயிருள்ள பிராணி. 2016-ல் கடல் சூடேறி ஏராளம் வெளுத்துப் போனதாம். வனவிலங்குச் சட்டத்தில் புலிக்கும் இதற்கும் ஒரே அட்டவணை. உடைத்திருந்தால் கல்யாணத்துக்கு முன்பே மாமியார் வீடு!

வெறுங்கையோடு போய் நின்றேன். "சரி, அடுத்த தடவை நானும் வரேன்" என்றாள்.

"எந்தப் படகுல?"

"ஜாக்கெட் இருக்கறதுல."