வாடகைக்கு ஒரு கண்

கேமரா வைத்திருப்பவரிடம் நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எவ்வளவு தூரம் இழுக்கும்?" என்பதுதான். "எவ்வளவு வெளிச்சம் வாங்கும்?" என்று கேட்பவரை நான் அதிகம் கண்டதில்லை. கோயில் திருவிழாவானாலும் திருமண மண்டபமானாலும், நீண்ட லென்ஸைத் தூக்கி வருபவருக்குக் கூட்டம் தானாக வழிவிடுகிறது. அந்த லென்ஸ் வெள்ளை நிறமாகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். பத்திரிகைக்காரர் வந்துவிட்டார் என்றே முடிவு கட்டிவிடுவார்கள்! ஆனால், வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்று நம் முன்னோர் சொல்லி வைத்தது லென்ஸுக்கும் பொருந்தும். ஒரு பூப்பந்து ஆட்டத்தைப் படம் பிடிக்க லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுக்கப் போனபோது நான் அறிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என்னிடம் இருப்பது பழைய கேனன் 80டி கேமரா. விடுமுறையில் புத்தகக் கடையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் இரண்டாம் கையாக வாங்கியது. அதனுடன் வந்த 18-135 லென்ஸ் நம் மொழிக்கழகத்தின் பொங்கல் விழாவுக்கும் பட்டமளிப்பு நாள் படங்களுக்கும் போதுமானதாகவே இருந்தது. வெயிலில் எடுக்கும் படங்களுக்கு எந்த லென்ஸும் நல்ல லென்ஸ்தான். சிக்கல் கூரைக்குக் கீழே வந்த பிறகுதான் தொடங்குகிறது.

என் அறைத்தோழி முதலாம் ஆண்டிலிருந்தே விடுதிக்காகப் பூப்பந்து ஆடுபவள். இவ்வாண்டு விடுதிகளுக்கு இடையிலான போட்டிதான் அவளுக்குக் கடைசி. அவளுடைய அப்பா கெடாவில் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலர். வார இறுதியில்தான் போட்டிகள் நடக்கும். வார இறுதியில்தான் அவருக்குக் கூடுதல் நேர வேலையும் இருக்கும். மகளுக்கு ஏழு வயதில் முதல் மட்டையை வாங்கிக் கொடுத்தவர், அவள் பல்கலைக்கழக மண்டபத்தில் ஆடி ஒருமுறைகூடக் கண்டதில்லை. ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது வந்த அழைப்பை நான்தான் எடுத்தேன். "நீ கேமரா வச்சிருக்கியாமேம்மா. அவ பந்த அடிக்கிறப்போ எப்படி இருப்பான்னு ஒரே ஒரு படம் எடுத்துக் குடும்மா. கைப்பேசில அனுப்புறாங்க, கையே தெரிய மாட்டேங்குது" என்றார். "சரி அங்கிள், கண்டிப்பா" என்றேன். அவ்வளவுதான், ஒப்புக்கொண்டாயிற்று!

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு பயிற்சி நேரத்தில் மண்டபத்திற்குப் போய் என் லென்ஸைச் சோதித்தேன். மனிதக் கண்ணுக்கு அந்த மண்டபம் பளிச்சென்றுதான் இருக்கிறது. கேமராவுக்கோ அது அந்தி நேரம். லென்ஸை முழுவதும் நீட்டினால் எஃப் 5.6. ஷட்டரை 1/500 நொடியில் வைத்தால் ஐ.எஸ்.ஓ. 12800 வரை ஏறியது. முகமெல்லாம் மணலை அள்ளித் தெளித்தாற்போல் புள்ளிகள். ஷட்டரை 1/125 ஆக்கினால் புள்ளிகள் குறைந்தன, ஆனால் அடிக்கும் கை காணாமல் போனது. அங்கிள் சொன்ன அதே குறை. பிளாஷ் போடலாமே என்று கேட்காதீர்கள். மேலே இருந்து விழும் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்ணில் பிளாஷ் அடிப்பது பூப்பந்தில் அறவே ஆகாது.

இங்கேதான் என் தமிழ்ப்பள்ளிக் கணிதம் கைகொடுத்தது. ஆரம்பப்பள்ளியில் பின்னம் கற்பித்த ஆசிரியை, "தொகுதி மாறாமல் இருக்கும்போது பகுதி பெருகினால் பின்னம் சிறுக்கும்" என்று வகுப்பு முழுவதையும் உரக்கச் சொல்ல வைப்பார். லென்ஸின் மீது எழுதியிருக்கும் எஃப் எண்ணும் இத்தகைய பகுதி எண்தான். குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். 85 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 1.8 என்றால் துளை ஏறக்குறைய 47 மில்லிமீட்டர். அதே 85இல் எஃப் 5.6 என்றால் வெறும் 15 மில்லிமீட்டர். விட்டம் மூன்று மடங்கு என்றால் பரப்பு ஒன்பது மடங்குக்கும் மேல். அதாவது, அதே மண்டபத்தில், அதே விளக்கின் கீழ், ஒன்பது மடங்குக்கும் அதிகமான வெளிச்சம்! இடைநிலைப்பள்ளியில் இதே பாடத்தைக் 'கந்தா' என்றும் 'பாஞ்சாங் ஃபோக்கஸ்' என்றும் மலாயில் படித்துத் தேர்வும் எழுதினேன். இருந்தும் மண்டபத்தின் ஓரத்தில் நின்று யோசித்தபோது மனத்தில் முதலில் வந்தது அந்த ஆசிரியையின் குரல்தான்.

சரி, எவ்வளவு வேகமான ஷட்டர் தேவை? 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் நம் நாட்டு வீராங்கனை பெர்லி தான், மணிக்கு 438 கிலோமீட்டர் வேகத்தில் பந்தை அடித்துப் பெண்களுக்கான கின்னஸ் சாதனையைப் படைத்தார். அந்த வேகத்தில் பறக்கும் பந்து 1/1000 நொடியில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தூரம் போய்விடும். அவரும் நம் தீனா முரளிதரனும் இணைந்து 2025 உலகப் பூப்பந்துப் போட்டியில் வெள்ளி வென்றதை நாமெல்லாம் கொண்டாடினோம். என் அறைத்தோழியின் வேகம் அதில் பாதிகூட இருக்காது என்று அவளே சொல்வாள். அவ்வேகத்திலும் 1/1000 நொடிக்குள் பந்து ஐந்தாறு சென்டிமீட்டர் நகரும். ஆக, பந்து சற்று நீண்டு தெரிவதைத் தவிர்க்க முடியாது. ஆனால் முகமும் கையும் மட்டையும் தெளிவாக நிற்க வேண்டும். அதற்கு 1/1000 வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

வாடகைக் கடையில் இருந்த அண்ணன் பொறுமைசாலி. மூன்று லென்ஸ்களை மேசைமீது எடுத்து வைத்தார். முதலாவது, அனைவரும் ஆசைப்படும் வெள்ளை 70-200, எஃப் 2.8. நாள் வாடகை 80 ரிங்கிட். இரண்டாவது, 135 எஃப் 2. நாளுக்கு 60 ரிங்கிட். மூன்றாவது, சிறிய கறுப்பு 85 எஃப் 1.8. நாளுக்கு 30 ரிங்கிட். படத்தைப் பெரிதாக அச்சிட்டு அஞ்சலில் அனுப்புவது உட்பட என் மொத்தச் செலவுக் கணக்கே 100 ரிங்கிட்தான். ஆனாலும் விலை மட்டும் பார்த்து முடிவு செய்ய எனக்கு மனமில்லை. அங்கிளுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே.

"அண்ணே, பூப்பந்துக்கு எது நல்லா இருக்கும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "நீ எங்க நிக்கப் போற, தங்கச்சி? அவங்க எவ்ளோ தூரத்துல ஆடுவாங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

நல்லவேளையாக அதற்கு என்னிடம் விடை இருந்தது. பூப்பந்து ஆட்டக்களத்தின் நீளம் 13.40 மீட்டர். எனக்குக் கிடைக்கும் இடம் ஒரு பக்கக் கோட்டுக்கு இரண்டு மீட்டர் பின்னால். வலைக்கு அப்பால் நிற்பவள் என்னை நோக்கி ஆடும்போதுதான் முகம் தெரியும். அந்தத் தூரம் ஏறக்குறைய 12 மீட்டர். மீதிக் கணக்கு வடிவொத்த முக்கோணம். என் கேமராவின் உணரியின் நீண்ட பக்கம் 22.3 மில்லிமீட்டர். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால், 12 மீட்டர் தூரத்தில் 85 லென்ஸ் 3.15 மீட்டர் உயரத்தைக் காட்டும். எம்பிக் குதித்து மட்டையை உயர்த்தும் பெண்ணுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. 135 லென்ஸ் இரண்டு மீட்டரைத்தான் காட்டும். கையை உயர்த்தினால் மட்டை வெட்டுப்படும். 200க்கு நீட்டினாலோ 1.34 மீட்டர், இடுப்புக்கு மேலேதான் படம். ஆக, அந்த வெள்ளை லென்ஸை 80 ரிங்கிட் கொடுத்து எடுத்துப் போனாலும் அதன் தொடக்கப் பகுதியை மட்டுமே பயன்படுத்தியிருப்பேன். வெளிச்சத்திலும் அது பின்தங்குகிறது. 1/1000 நொடிக்கு எஃப் 2.8இல் ஐ.எஸ்.ஓ. 6400 தேவைப்படும். எஃப் 2இல் 3200 போதும்.

வெள்ளை லென்ஸை நான் குறை கூறவில்லை. புக்கிட் ஜாலில் அரங்கின் பார்வையாளர் பகுதியில் 35 மீட்டர் தள்ளி அமர்ந்திருந்தால், 200 லென்ஸ்தான் ஆட்டக்காரரை முழுமையாகக் காட்டும். அங்கே என் 85ஐ எடுத்துப் போனால் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதியும் அந்த லென்ஸில் உண்டு. ஆனால் அவ்வசதி நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். ஆடுபவரின் ஓட்டத்தை நிறுத்தாது. கையில் பணமே இல்லாதவர்கள் 50 எஃப் 1.8 லென்ஸை நண்பரிடம் இரவல் வாங்கியும் எடுக்கலாம். படத்தை அதே அளவுக்கு வெட்டியெடுக்கும்போது மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிறிய அளவில் அச்சிடுவதற்கு அதுவே போதும்.

கறுப்பு லென்ஸைக் கையில் எடுத்தேன். "விவரமாத்தான் வந்திருக்க" என்று சிரித்த அண்ணன், அதன் குறைகளையும் ஒளிக்காமல் சொன்னார். ஜூம் கிடையாது, நாம்தான் நடக்க வேண்டும். எஃப் 2இல் 12 மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் ஒன்றரை மீட்டர் அளவே. ஐந்து மீட்டரில் ஒரு சாண் பெரிதளவு, அவ்வளவுதான். எனவே, கண்மீது குவியம் தவறினால் படம் வீண். பிறகு லென்ஸை விளக்கின்முன் பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். நம் நாட்டு ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். முன் கண்ணாடி, பின் கண்ணாடி, இணைப்புத் தகடு, குவிய வளையம் எல்லாவற்றையும் பார்த்து, எண்ணையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்ட பிறகே கையெழுத்திட்டேன். வைப்புத்தொகை 200 ரிங்கிட். அது என் அந்த மாதச் சாப்பாட்டுப் பணம். லென்ஸுக்குக் கீறல் விழுந்தால் மீகோரேங்குக்கும் வழியில்லை என்ற நினைப்போடு பையை நெஞ்சோடு அணைத்தபடி பேருந்து ஏறினேன்.

போட்டி நாளில் எஃப் 2, 1/1000, ஐ.எஸ்.ஓ. 3200. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, வேகமான ஷட்டரில் ஒரு படத்தை மஞ்சளாகவும் அடுத்ததை இருட்டாகவும் ஆக்கிவிடும். 80டியில் இத்துடிப்பைக் கணித்துப் பிரகாசமான கணத்தில் ஷட்டரைத் திறக்கும் வசதி உண்டு. அதை முடுக்கிவிட்டேன். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் வீராங்கனைகள் பக்கம் மாறுவார்கள். அப்போது நானும் மண்டபத்தைச் சுற்றி மறுமுனைக்கு ஓடினேன். ஜூமுக்குப் பதில் கால்கள்! வெள்ளை லென்ஸோடு வந்திருந்த ஒருவர் என் சிறிய லென்ஸைப் பார்த்துவிட்டு, தள்ளி நிற்கும்படி சைகை காட்டினார். தள்ளி நின்றேன். எனக்கு வேண்டிய 12 மீட்டர் அங்கேயும் இருந்தது.

அவள் அரையிறுதியில் மூன்றாவது ஆட்டத்தில் தோற்றாள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்போது நான் கேமராவை எடுக்கவில்லை. அன்றிரவு அறுநூற்றுச் சொச்சப் படங்களைப் பார்த்தோம். குவியம் தப்பியவை, பின்புறம் தெரிந்தவை, கண் மூடியவை எல்லாம் போக நாற்பது தேறின. அதில் ஒன்றைப் பார்த்ததும் அவளே "இதுதான்" என்றாள். பெரிதாக அச்சிட்டுக் கெடாவுக்கு அனுப்பினோம். நான்கு நாள்கள் கழித்து அங்கிள் அழைத்தார். தோல்வியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவ கால் தரையிலயே இல்லையேம்மா" என்றார். சற்று நேரம் அமைதி. பிறகு மீண்டும் அதையே சொன்னார்.

லென்ஸைக் கீறலின்றித் திருப்பிக் கொடுத்துச் சாப்பாட்டுப் பணத்தையும் மீட்டுக்கொண்டேன். பின்னர், அடுத்த ஆண்டு செயலவையில் படம் பிடிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்காகக் குறிப்பு ஒன்றை எழுதி மொழிக்கழக அறையின் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். முதலில் மண்டபத்திற்குப் போ. நிற்கப் போகும் இடத்திலிருந்து தூரத்தை அள. கையிலிருக்கும் லென்ஸால் வெளிச்சத்தைச் சோதி. அதன் பிறகு கடைக்குப் போ. கூடவே 50, 85, 135, 200 ஆகிய நான்கு லென்ஸ்களும் 5, 12, 35 மீட்டரில் எவ்வளவு உயரத்தைக் காட்டும் என்று ஓர் அட்டவணையும் போட்டிருக்கிறேன். எல்லாம் தமிழில்தான். பின்னத்தைத் தமிழில் படித்தவர்களுக்கு அது புரியாமல் போகாது. புரியாதவர்கள் என்னைக் கேட்கலாம். பட்டமளிப்பு வரை இங்கேதான் இருப்பேன்.