ஐந்தரை அடி தூரத்தில்

சித்திரை வீதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஸ்ரீரங்கம் கோயிலின் பரமபத வாசலுக்கு நிதானமாக நடந்தால் கால் மணி நேரம். அறுபது வருஷங்களாக அம்மா நடந்த தூரம் அது. கடந்த மூன்று வருஷங்களாக முடியவில்லை. முதலில் முழங்கால் கைவிட்டது, பிறகு கண். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது என்றார் மருத்துவர். ஓரங்கள் தெரியும், நேரே பார்ப்பது கலங்கிப் போகும். எதிரே நிற்பவரின் முகத்தைக் காட்டிலும், அவர் தோளுக்குப் பின்னால் தொங்கும் நாட்காட்டியே அம்மாவுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

2025-ஆம் ஆண்டில் வைகுண்ட ஏகாதசி இரண்டு முறை வந்தது. ஜனவரி 10 ஒன்று, டிசம்பர் 30 மற்றொன்று. ஜனவரியில், விடிவதற்கு முன்பே எழுந்து நேரலையைப் பார்க்க உட்கார்ந்தோம். எங்களிடம் இருந்தது 21 அங்குலப் பழைய குழாய்ப் பெட்டி. நம்பெருமாள் ரத்தினாங்கியுடன் பரமபத வாசலைக் கடந்து எழுந்தருளும்போது அம்மா, "பெருமாள் எங்கேடா?" என்று கேட்டாள். நாங்கள் எழுந்து போய்த் திரையில் விரலை வைத்துக் காட்டினோம். விரல் மறைத்த இடத்தில்தான் பெருமாள் இருந்தார்.

பெரிய திரை வாங்குவதென்று அன்றைக்கே தீர்மானித்தோம். நாங்கள் என்பது உடன்பிறந்த மூவர். ஒருவர் அம்மாவுடன் இருக்கிறோம், இருவர் வெளியூரில். மூவரும் சேர்ந்து போடக்கூடிய தொகை இருபத்தையாயிரம். அதற்கு மேல் போனால் யாராவது ஒருவர் வீட்டில் சொல்லாமல் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

அம்மா இதை எங்கள் அளவுக்கு ரசிக்கவில்லை. "பெரிசா வாங்கி வெச்சுட்டேள்னா, இனிமே என்னைக் கோயிலுக்கு அழைச்சுண்டு போறதா இல்லைன்னு அர்த்தம்" என்றாள். நாங்கள் மறுத்தோம். ஆனால் மறுத்த வேகத்திலேயே அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பது எங்களுக்கே தெரிந்துவிட்டது. கடைசியில் உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. இராப்பத்தில் ஒருநாள், எப்படியாவது, அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும்.

இந்த வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி எப்போதுமே பெருமாளை முன்னிட்டுத்தான் வந்திருக்கிறது. 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமாயணம் தொடங்கிய சில வாரங்களில் அப்பா ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியை வாங்கி வந்தார். அதே வருஷம் மார்ச்சில்தான் ராஜகோபுரம் 236 அடிக்கு உயர்ந்து கும்பாபிஷேகம் கண்டது. ஞாயிறு காலை தெருவில் பாதிப்பேர் எங்கள் கூடத்தில் இருப்பார்கள். இந்தி ஒருவருக்கும் தெரியாது. கதை எல்லோருக்கும் தெரியும். வண்ணப் பெட்டி 2003-இல் வந்தது. அது கெடவே இல்லை என்பதுதான் இத்தனை காலம் நாங்கள் வேறு வாங்காததற்குக் காரணம்.

வாங்குவதைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டதில் ஒரு லாபம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரியில்லாமல் இருபதாயிரம் அடக்கமாகும் பெட்டி முன்பு 25,600 ரூபாய், இப்போது 23,600. எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டாயிரம் சிறிய தொகை அல்ல.

அக்டோபரில் காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சிக்குப் போய் இரண்டு நாட்கள் கடை கடையாக ஏறி இறங்கினோம். சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே அருவி, ஒரே பஞ்சவர்ணக் கிளி. வண்ணங்கள் கண்ணைக் குத்தின. கடை வெளிச்சத்துக்கு ஈடுகொடுப்பதற்காக ஒளியையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள் என்பதும், வீட்டுக்கு வந்ததும் அதைக் குறைத்தாக வேண்டும் என்பதும் எங்களுக்குப் பிறகே தெரிந்தது. விற்பனைப் பையன் எல்இடி, க்யூஎல்இடி, ஓஎல்இடி, 4கே என்று ஒப்பித்தான். இவற்றைச் சுஜாதா இருந்திருந்தால் இரண்டு பத்தியில் புரிய வைத்திருப்பார். எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

புரிந்துகொண்டதைச் சொல்கிறோம். எல்இடி, க்யூஎல்இடி இரண்டுமே பின்னாலிருந்து விளக்கு எரியும் திரவப் படிகத் திரைகள்தாம். இரண்டாவதில் நிறத்தைக் கூட்ட ஒரு படலம் அதிகம். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் என்பதால் அதன் கறுப்பு உண்மையான கறுப்பு. அதன் விலையும் எங்களுக்கு உண்மையான கறுப்புதான்.

அங்குலக் கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. பழைய பெட்டி நாலுக்கு மூன்று என்ற விகிதம், புதியது பதினாறுக்கு ஒன்பது. அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. எனவே 21 அங்குலப் பழைய திரையின் உயரம் சுமார் பன்னிரண்டரை அங்குலம் என்றால், 32 அங்குலப் புதிய திரையின் உயரம் பதினைந்தரைதான். பக்கவாட்டில் பெருகும் அளவுக்கு முகங்கள் பெருகா. 43 அங்குலத்துக்குப் போனால்தான் உயரம் 21 அங்குலத்தைத் தொடுகிறது.

நாங்களோ 55 அங்குலத்தின் மேல் ஆசை வைத்திருந்தோம். அது எங்கள் கையிருப்பைத் தாண்டி நின்றது. மாதத் தவணையைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோது, கண் மருத்துவர் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. கிட்டே உட்கார்ந்து பார்ப்பதால் கண் கெடாது, அம்மாவைத் தாராளமாகக் கிட்டே உட்கார வையுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். சிறு வயதில் "தள்ளி உக்காருங்கோ" என்று அதட்டி வளர்க்கப்பட்ட எங்களுக்கு அது அப்போது மனத்தில் தங்கவில்லை.

கூடத்தை நாடாவால் அளந்தோம். அம்மாவின் சாய்வு நாற்காலி பெட்டியிலிருந்து 11 அடி தள்ளி, ரேழியை ஒட்டிய சுவரோரமாகக் கிடந்தது. அதை ஐந்தரை அடிக்குக் கொண்டுவந்தால் தூரம் பாதியாகும், பிம்பம் இரட்டிக்கும். அதாவது ஐந்தரை அடியில் 43 அங்குலம் என்பது 11 அடியில் 86 அங்குலத்துக்குச் சமம். நாங்கள் கடனுக்கு வாங்கப் பார்த்ததைவிடப் பெரிய திரை, ஒரு நாற்காலியை நகர்த்தும் செலவில்.

4கே பற்றிய கவலையும் நாடாவிலேயே தீர்ந்தது. சராசரிக் கண்ணுக்கு, 43 அங்குலத்தில் ஃபுல் ஹெச்டி புள்ளிகளே ஐந்தரை அடிக்கு அப்பால் தனித்தனியாகத் தெரியமாட்டா. 11 அடியில் ஊஞ்சலில் உட்காரும் எங்களுக்கு 4கே இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

எஞ்சியது திரையின் வகை. ஐபிஎஸ் என்னும் வகையில், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறுவதில்லை. ஆனால் கறுப்பு சாம்பல் பூத்திருக்கும். விஏ என்னும் வகையில் கறுப்பு அடர்த்தியாக இருக்கும். ஆனால் நேர் எதிரே உட்காருபவருக்குத்தான் முழுப் படம். கடைப் பையனுக்கு எது எந்த வகை என்று தெரியவில்லை. அருவியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஜனவரி மாதத்துச் சேவையின் காணொளியைக் கைப்பேசியிலிருந்து போடச் சொன்னோம். விடியாத இருட்டு, நடுவில் தீவட்டி வெளிச்சம், அதற்குள் ரத்தினங்கள். இதைவிடக் கடினமான தேர்வு ஒரு திரைக்கு இருக்க முடியாது. ஒன்றில் இருட்டு புகைபோல வெளுத்திருந்தது. பெருமாள் அதில் கரைந்துபோனார். அடுத்ததில் இருட்டு இருட்டாகவே இருந்தது, பெருமாள் தனியே நின்றார். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தால் இரண்டாவது கொஞ்சம் வெளிறியது. நகர்ந்து உட்காரப் போகிறவர்கள் நாங்கள்தாமே. இரண்டாவதை வாங்கினோம். 24,500 ரூபாய்.

சுவரில் மாட்டித் தருகிறோம் என்று வந்தவர்கள், எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் ஒரு துளை போட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். செங்கல் பொடியாக உதிர்ந்தது. அதுவும் நல்லதாயிற்று. அப்பாவின் பழைய எழுதுமேஜையின் மேல் வைத்ததில் திரை அம்மாவின் கண்மட்டத்துக்கு வந்தது. முற்றத்து வெளிச்சம் திரையில் விழுந்து பளபளத்தது. அதற்கு ஒரு பழைய ஒன்பது கஜப் புடவை திரைச்சீலையாயிற்று.

டிசம்பர் 30 விடியற்காலை அம்மா ஐந்தரை அடியில் உட்கார்ந்திருந்தாள். நேரே பார்க்காமல் தலையைச் சற்றுத் திருப்பி, ஓரக் கண்ணால் பார்ப்பதற்கு அவள் பழகியிருந்தாள். நாங்கள் பின்னால் ஊஞ்சலில். கதவு திறந்ததும் நாங்கள் எழுந்து நின்றோம். விரலால் சுட்டிக்காட்ட யாரும் போகவில்லை. அவளாகவே, "கொண்டையைப் பார்த்தேளா, எப்படிச் சாத்தியிருக்கா" என்றாள். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

உடன்பாட்டின்படி, இராப்பத்தில் ஒரு நாள் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனோம். நல்ல கூட்டம். மனிதர்களின் முதுகுகளுக்கு நடுவே அரை நிமிஷம் ஒரு பொன்னிறம் தெரிந்தது, எங்களுக்கே அவ்வளவுதான். திரும்பும் வழியில், "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டோம்.

"ஒண்ணும் தெரியலை" என்றாள் அம்மா. "அதனால என்ன? அவருக்கு என்னைத் தெரியுமே. வந்தாளான்னு பார்த்துண்டிருப்பார்."

இத்தனை கணக்குப் போட்ட எங்களுக்கு இது தோன்றவில்லை. பெரிய திரை அவள் பார்ப்பதற்கான ஏற்பாடு. அவளைப் பார்ப்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதை நாங்கள் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. அடுத்த முறையும் சக்கர நாற்காலி உண்டு என்று அவளிடம் சொல்லியிருக்கிறோம்.

வீட்டில், சாய்வு நாற்காலியின் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் கோலமாவால் நான்கு புள்ளிகள் வைத்திருக்கிறோம். பெருக்கும்போது அழிந்துவிடும். தினமும் யாராவது ஒருவர் நாடாவை எடுத்து அளந்து, மறுபடி வைக்கிறோம்.