மூன்று நாள் அவகாசம்



போன வாரம் கூடுதுறைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, 1994-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். "சார், பாப்பா ஹாலந்துல சொந்த வீடு வாங்கீட்டாங்களாமா? அப்ப நீங்களும் அங்கயே போயிருவீங்களா?" என்று கேட்டார். நடுரோட்டில் நின்று சொல்கிற பதிலா அது? சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். உறவினர்களிலும் பலர் இதையே சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்குமாக ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளும் மாப்பிள்ளையும் ஒன்பது வருடமாக நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரத்தில் வாடகைக்கு இருந்தார்கள். பிலிப்ஸ் கம்பெனி 1891-இல் தொடங்கிய ஊர் அது. பக்கத்து வெல்ட்ஹோவனில் சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்கிற நிறுவனத்தில் மாப்பிள்ளைக்கு வேலை. 2024 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகள் சொன்னாள், நகரத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி நியூனன் என்ற கிராமத்தில் வீடு பார்க்கிறோம் என்று.

நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? எத்தனை ரூம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், கடனுக்கு என்ன வட்டி. முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன் அதையெல்லாம் விட்டுவிட்டு, "அப்ப நான் மாடி யாருக்குக் கட்டுனேன்?" என்றேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2015-இல் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தேன். தனிச் சமையலறை, தனிப் படிக்கட்டு, பேரன் வந்தால் படிக்க ஜன்னலோரம் மேசை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்று வாரம் அவர்கள் வந்து தங்குவார்கள். மற்ற நாளெல்லாம் மாதம் ஒருதரம் நான் போய்க் கூட்டிவிட்டு, தண்ணீர்க் குழாய் துருப்பிடிக்காமல் திறந்து மூடிவிட்டு வருவேன்.

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா, உங்கள நான் கட்டச் சொன்னனுங்களா?" என்றாள்.

சொல்லவில்லைதான்.

அடுத்த ஒரு மாதம் என் மனைவியிடம்தான் அவள் பேசினாள். செய்திகள் எனக்கு அந்த வழியாக வந்தன. அங்கே வீடு வாங்குவது நம் ஊர் மாதிரி இல்லை. விற்கிறவர் ஒரு விலை போடுவார். வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மற்றவர் என்ன கேட்கிறார் என்று தெரியாமலே ஆளுக்கொரு தொகையை எழுதிக் கொடுக்க வேண்டும். போட்ட விலைக்குக் குறைத்துக் கேட்டால் கிடைக்காது, கூட்டித்தான் கேட்க வேண்டும். "இதென்னங்க, சந்தையில துண்டைப் போட்டு மூடிக்கிட்டு வெரலப் புடிச்சு மாட்டுக்கு வெல பேசற மாதிரி இருக்குது" என்றாள் மனைவி. மாட்டுச் சந்தையில் விரலைப் பிடிப்பவருக்காவது எதிராளியின் முகம் தெரியும். இப்படி இரண்டு வீடுகள் கை நழுவிப் போயின. என் மனதுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மூன்றாவது வீடு அமைந்துவிட்டது. நம் லைன் வீடு மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு. கீழே கூடம், மேலே மூன்று அறை, அதற்கும் மேலே ஓட்டுக்கடியில் ஓர் அறை. முன்னால் கொஞ்சம் செடி, பின்னால் தோட்டம், சைக்கிள் விட ஒரு கொட்டகை. 4,49,000 யூரோ விலை போட்டிருந்தார்கள். இவர்கள் 4,78,000 எழுதினார்கள். யூரோவுக்குத் தொண்ணூறு ரூபாய் என்று வைத்தால் நான்கு கோடியே முப்பது லட்சம். இதைக் கேட்டதும் மனைவி கேட்ட ஒரே கேள்வி, "வாசல் எந்தப் பக்கம் கண்ணு?" அந்த ஊரில் வெயிலுக்கு ஏங்குகிறவர்கள். தோட்டம் தெற்கே பார்த்திருந்தால் அதையே பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். தோட்டம் தெற்கு என்றால் வாசல் வடக்கு. குபேர திசை என்று இவளுக்கு ஒரே திருப்தி.

சில கணக்குகள் எனக்குப் பிடித்தன, சொல்கிறேன். அங்கே வங்கி வீட்டின் மதிப்பில் நூறு சதவீதம் வரை கடன் கொடுக்கலாம். ஆனால் மதிப்பீட்டாளர் சொல்கிற மதிப்புக்குத்தான் கொடுக்கும், நாம் ஆசைப்பட்டுக் கூட்டிக் கேட்ட தொகைக்குக் கிடையாது. இந்த வீட்டுக்கு 4,65,000 என்று மதிப்பு வந்தது. மீதி 13,000 கைக்காசு. நம் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அங்கே குடியிருக்க வாங்கினால் 2 சதவீதம்தான். முப்பத்தைந்து வயதுக்குள் இருந்து முதல் வீடு வாங்கினால், விலை ஒரு வரம்புக்குள் இருக்கும்வரை அதுவும் இல்லை. இவர்கள் இருவரும் அந்த வயதைத் தாண்டிவிட்டதால் 9,560 யூரோ கட்டினார்கள். மற்ற செலவும் சேர்த்து முப்பதாயிரம் யூரோ, நம் பணத்தில் இருபத்தேழு லட்சம். நான் கொஞ்சம் தருகிறேன் என்று மனைவி மூலமாகச் சொல்லியனுப்பினேன். "வேண்டாம்னு சொல்லீருங்கம்மா, இருக்குது" என்று பதில் வந்தது. நல்ல பதில்தான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் ஊரில் மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா என்று அலைவோம். அங்கே நோட்டாரிஸ் என்று ஒருவர். நம் நோட்டரி வக்கீல் மாதிரி முத்திரை குத்துகிறவர் இல்லை, இரண்டு தரப்புக்கும் பொதுவான சட்டம் படித்த ஆள். 1832-லிருந்து நடக்கும் நில ஆவணத்தைப் பார்த்து வில்லங்கம் சரிபார்ப்பது, கிரயம் எழுதுவது, பணத்தைத் தன் தனிக் கணக்கில் வாங்கி வைத்திருந்து பத்திரம் முடிந்தபின் விற்றவருக்குக் கொடுப்பது எல்லாம் அவர்தான். பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று யார் வேண்டுமானாலும் சிறு கட்டணம் கட்டித் தெரிந்துகொள்ளலாமாம். பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்று பழகிய நமக்கு இது ஆச்சரியம்தான்.

நான் எழுத வந்தது இதற்கு அடுத்த சங்கதி. ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு, அதன் நகல் வாங்குகிறவர் கைக்கு வந்த மறுநாளிலிருந்து மூன்று நாள் அவகாசம் உண்டு. காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று விலகலாம், ஒரு காசு நஷ்டமில்லை. விற்கிறவருக்கு அந்த உரிமை கிடையாது. நம் ஊரில் அட்வான்ஸ் கொடுத்தால் போனது போனதுதான்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை மகள் நேராக என் போனுக்கே கூப்பிட்டாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு. "அப்பா, இன்னிக்கு அக்ரிமெண்ட் கைக்கு வந்துருச்சுங்க. வியாழக்கெழமை ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் டைம் இருக்குது. உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டர்றோம். அவருகிட்டயும் பேசீட்டேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்கிறாள். "சரி கண்ணு, யோசிக்கறேன்" என்று வைத்துவிட்டேன். யோசிக்கிறேன் என்று நான் சொன்னதே தப்பு என்று மனைவி இரவெல்லாம் திட்டினாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க வேண்டாம் என்று சொல்வதற்கான காரணங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடக் கடன். மாப்பிள்ளைக்கு இப்போது 38, முடியும்போது 68. வேலை போனால்? நாட்டில் கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழே. பேப்பரில் எழுதிக்கூடப் பார்த்தேன். மாப்பிள்ளையிடமே விசாரித்தபோது, கீழே இருப்பது கடலோரப் பக்கம், இவர்கள் இருப்பது தெற்கே மணல் மேடு, தண்ணீர் வராது என்றார். 2018 ஆகஸ்ட்டில் காவிரி வெள்ளம் நம் கரையோர வீடுகளுக்குள் புகுந்து, சனங்களை முகாமில் கொண்டுபோய் வைத்தது ஞாபகம் வந்தது. அந்தக் காரணத்தை அடித்துவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் கூடுதுறைப் படியில் உட்கார்ந்திருந்தேன். என் அப்பா நினைப்பு வந்தது. உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும், அவர் ஜமக்காளத் தறிக்காரர். ஆற்றுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு, வீட்டுக்குள்ளேயே குழித்தறி. அகல ஜமக்காளம் என்றால் அவரும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். நான் 1989-இல் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி அந்தியூர் ரோட்டுப் பக்கம் இப்போதிருக்கும் வீட்டைக் கட்டினேன். சிமெண்ட் தரை, மின்விசிறி, கக்கூஸ் எல்லாம் உண்டு. தறிக்குழி மட்டும் இல்லை. பால் காய்ச்சிய அன்று அப்பா வந்தார், ஒரு ராத்திரி படுத்தார். விடிந்ததும் பழைய வீட்டுக்குப் போய்விட்டார். "குழிக்குள்ள கால வெக்காம எனக்கு ஆகாது சாமி" என்றார். 1997-இல் சாகும்வரை அங்கேதான். நானும் தம்பியும் அதை வீம்பு என்றே பேசிக்கொண்டோம். இடம் பார்த்தபோது, கடன் எழுதியபோது, ஒருமுறைகூட "கட்டாதே" என்று அவர் சொன்னதில்லை என்பது, முப்பத்தைந்து வருடம் கழித்து அந்தப் படிக்கட்டில்தான் எனக்கு உறைத்தது. "யாருக்குடா இந்தத் தறி?" என்று அவரும் கேட்டிருக்கலாம் இல்லையா?

உடனே போன் செய்து வாழ்த்தினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் செய்யவில்லை. வியாழக்கிழமையும் பேசவில்லை. அவர்கள் இரவு பன்னிரண்டு என்பது நமக்கு வெள்ளி அதிகாலை மூன்றரை. திண்ணையில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். மூன்றரை ஆனது. வேண்டாம் என்று சொல்லாமலிருந்தது பெருந்தன்மையா, சொன்னால் அவள் கேட்டுவிடுவாளே என்ற பயமா, எனக்கே இன்னும் சரியாகத் தெரியாது. மூன்று நாற்பதுக்கு மகளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது: "அப்பா, முழிச்சிட்டுத்தான் இருக்கீங்களா?" அவளும் தூங்கவில்லை. "ஆமா கண்ணு, வீடு நல்லா இருக்கட்டும்" என்று அனுப்பினேன்.

சாவி கொடுக்கும் நாள் ஜூலை 19. ஆடி பிறந்து மூன்றாம் நாள்! மனைவி தலையில் கை வைத்துவிட்டாள். "நோட்டாரிசுக்கு ஆடி தெரியாதும்மா" என்றாள் மகள். சாவியை ஆடியில் வாங்கிக்கொள்வது, பாலை ஆவணியில் காய்ச்சுவது என்று சமாதானம் ஆனது. நாங்கள் இருவரும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். அன்று காலை நோட்டாரிஸ் அலுவலகத்துக்கு முன்னால், வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்து வீட்டை ஒரு சுற்றுப் பார்த்து, மின்சாரம், கேஸ், தண்ணீர் மீட்டர் அளவுகளைக் குறித்துக்கொள்கிறார்கள். விற்றது ஒரு பாட்டி, எழுபத்தொன்பது வயது. கணவர் இறந்துவிட்டார். படி ஏற முடியாமல் சின்ன வீட்டுக்குப் போகிறார். மகள் மொழிபெயர்க்க, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். மூன்று பேர், யாரும் இந்த ஊரில் இல்லை, மூத்தவன் கனடாவில் என்றார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "உங்க ஒரே பொண்ணு இவங்கதானான்னு கேக்கறாங்கப்பா" என்றாள் மகள். தலையை ஆட்டினேன். பாட்டி என் கையைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தக் கிராமத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓவியர் வான்கோ 1883 கடைசியிலிருந்து 1885 வரை அங்கேதான் இருந்தார். அப்பா அந்த ஊர்ப் பாதிரியார். அவர்கள் குடியிருந்த வீடு இன்னும் இருக்கிறது. உருளைக்கிழங்கு உண்ணும் குடும்பத்தின் படம் அங்கே வரைந்ததுதான். அது எனக்கு முன்பே தெரியும். தெரியாதது, 1884-இல் அவர் அந்த ஊர் நெசவாளர்களை வரிசையாக வரைந்திருக்கிறார் என்பது. அங்கிருந்த அருங்காட்சியகத்தில் அந்தப் படங்களைப் பற்றிப் பார்த்தேன். சின்ன இருட்டு வீடு, அறை முழுக்க அடைத்துக்கொண்டு தறி, அதற்குள் கூண்டில் மாட்டின மாதிரி ஓர் ஆள். குழி மட்டும்தான் இல்லை. அங்கேயும் இப்போது வீட்டுத் தறி இல்லை. ரொம்ப நேரம் நின்றிருந்தேன் போலிருக்கிறது, பேரன் வந்து, "அப்புச்சி, பசிக்குது" என்று கையை இழுத்தான்.

ஆடிப் பதினெட்டுக்கு வாழ்நாளில் முதல்முறையாக நான் கூடுதுறையில் இல்லை. மேட்டூர் நிரம்பித் தண்ணீர் திறந்திருந்ததைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் பால் காய்ச்சினோம். மனைவி கற்பூரம் ஏற்றிய அரை நிமிடத்தில் வீடே அலறியது. அந்த நாட்டில் ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கை மணி கட்டாயமாம். மாப்பிள்ளை நாற்காலியில் ஏறித் துண்டை வீச, பக்கத்து வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் உட்கார்ந்து ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுத்தான் போனார். கூடத்தில் விரித்திருந்தது இங்கிருந்து நான் கொண்டுபோன ஜமக்காளம். அப்பா நெய்ததில் கடைசியாக எங்களிடம் இருந்தது. பெட்டியில் ஏழு கிலோவை அதுவே தின்றுவிட்டது என்று மனைவிக்கு வருத்தம், ஊறுகாயைக் குறைக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த மாணவருக்கு என் பதில்: இல்லை தம்பி, நாங்கள் அங்கே போகவில்லை. மூன்று மாதம் இருந்துவிட்டு வருவோம், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு சேதி. மாடியை வாடகைக்கு விடலாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். தனிப் படிக்கட்டு, ஆற்றுத் தண்ணீர் உண்டு. படிக்கிற பிள்ளைகள் இருக்கிற குடும்பமாக இருந்தால் நல்லது, ஜன்னலோரம் மேசை சும்மா கிடக்கிறது. கணக்கில் சந்தேகம் இருந்தால் கீழே வந்து கேட்டுக்கொள்ளலாம், அதற்குத் தனி வாடகை இல்லை. தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லிவிடுங்கள். தறி போடுகிற குடும்பமாக இருந்தாலும் எனக்குச் சம்மதம், ஆனால் மாடியில் குழி வெட்ட முடியாது.