பனியில் சறுக்க ஐந்து பேர்!

காஞ்சிபுரத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் மஃப்ளர் கட்டுகிற அளவுதான். அங்கிருந்து பனிச்சறுக்குக்குக் கிளம்பிய எங்கள் ஆபீஸ் கோஷ்டியில் ஐந்து பேர். ஒருத்தருக்கும் சறுக்கத் தெரியாது. கேஷியர் அண்ணனுக்கு மழை பெய்தால் தெருவில் நடக்கவே பயம். "நீங்க போய் விளையாடுங்கப்பா, நான் ரூம்ல பையைப் பார்த்துக்கறேன்" என்றார். வருஷமெல்லாம் பணத்தைக் காக்கிற மனுஷன், லீவிலும் பையைக் காக்க வேண்டுமா, சார்?

இடம் தேடினோம். மணாலி பக்கத்து சோலாங், ஒருநாள் கும்மாளத்துக்குச் சரி. ஆவ்லியில் சரிவு பிரமாதம். ஆனால் ஜோஷிமட்டிலிருந்து ஏறும் ரோப் கார், 2023-ல் ஊரே நிலம் தாழ்ந்தபோது நின்றுபோனது. சறுக்காத ஆசாமி அங்கே என்ன செய்வார்?

குல்மார்க் என்று முடிவானது. உயரம் சுமார் 2,650 மீட்டர். புதுசுகளுக்கு ஊரை ஒட்டியே மெல்லிய சரிவு. சறுக்காதவர் கேபிள் காரில் காங்டூரி வரை போய் வரலாம். அதற்கும் மேலே, 3,900 மீட்டரைத் தாண்டிய அஃபர்வாட், கைதேர்ந்தவர்கள் பேட்டை. நமக்கு அங்கே வேலையில்லை.

கோஷ்டியாகப் போனால் சூரப்புலியைப் பார்த்து இடம் பிடிக்காதீர்கள். பயந்தவரைப் பார்த்துப் பிடியுங்கள்.

முதல் நாள் நாங்கள் விழுந்ததையெல்லாம் அண்ணன் ஓரமாக நின்று எண்ணினார். மறுநாள் காலை மெதுவாகக் கேட்டார்: "எனக்கும் ஒரு ஜோடிக் கட்டை கிடைக்குமாப்பா?"