பியூஸ் பார்த்தீங்களா சேர்?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு கொம்பியூட்டர் மொனிட்டர் பற்றியது. ஆனால் எங்கள் தவறு ஒன்றும் இதில் இருக்கிறது. அதை மறைக்காமல் எழுதுகிறோம். தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையின் கணினி அறைக்கு நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் பொறுப்பு. அங்கே 18 கணினிகள் இருக்கின்றன. அப்போது வேலை செய்தவை 11. தரம் 10 இல் இந்தப் பாடத்தை எடுத்திருக்கும் பிள்ளைகள் 34 பேர். ஒரு கணினிக்கு மூன்று பேர் என்று நெருக்கி உட்கார வைத்துத்தான் பாடம் நடக்கிறது. அதில் ஒன்று நின்றால் மூன்று பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். அதனால் ஒன்று பழுதானாலும் எங்களுக்குப் பதற்றம் வந்துவிடும். அந்தப் பதற்றத்தில்தான் பிழை விட்டோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழாம் இலக்க மொனிட்டர் எழும்பவில்லை. பட்டனை அமத்தினோம். லைட் இல்லை. மறுபடி அமத்தினோம். இல்லை. முதல் நாள் கடைசிப் பாடவேளையில் அதில் யார் இருந்தது என்று கேட்டோம். ஒரு மாணவன் எழுந்து நின்றான். கொஞ்சம் துடியாட்டமான பிள்ளை. முன்பு ஒரு தடவை கீபோர்டில் இரண்டு எழுத்துக்களைக் கழற்றி இடம் மாற்றி வைத்து எங்களிடம் பிடிபட்டவன்.

"என்ன மகன் செஞ்ச?"

"ஒண்டும் செய்யல்ல சேர். பட்டன அமத்திட்டு எழும்பினதுதான்."

நாங்கள் நம்பவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் "நீதான் கடைசியா தொட்டது, நீதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டோம். பிறகு டவுனில் இருக்கும் திருத்துநர் ஒருவருக்கு போன் எடுத்து, "லைட்டே வருதில்ல" என்றோம். "அப்படியெண்டா உள்ளுக்குள்ள பவர் போர்ட் போயிருக்கும். பழைய மொனிட்டர்தானே, திருத்துறத விட பாவிச்ச ஒண்டு எடுத்தா லாபம், பன்னிரண்டாயிரம் மட்டில வரும்" என்றார். அவர் மீது பிழை இல்லை. பார்க்காத பொருளைப் பற்றி நாங்கள் அரைகுறையாகச் சொன்னதை வைத்து அவர் சொன்னார். நாங்கள் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, வாப்பாவைக் கூட்டி வரும்படி அவனுடைய கொப்பியில் எழுதிக் கொடுத்தோம்.

புதன் அவன் வரவில்லை. வியாழனும் வரவில்லை. வியாழன் பத்து மணி போல அவனுடைய வாப்பா வந்தார். நெல் ஆலையில் வேலை. சேட்டில் தவிட்டுத் தூசி அப்படியே இருந்தது. வேலைக்கு இடையில் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கையில் மடித்து வைத்திருந்த ஐயாயிரம் ரூபாயை நீட்டினார். "இத வெச்சிக்கங்க சேர். மிச்சத்த மாசக் கடைசில தாறன்."

நாங்கள் காசை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவர் அந்தச் சாமானைப் பார்க்கலாமா என்று கேட்டார். கூட்டிச் சென்று காட்டினோம். அவருக்குக் கணினி பற்றித் தெரியாது. ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். ஸ்கிரீனைப் பார்க்கவே இல்லை. பின்னால் குனிந்து வயரைப் பிடித்தார். அதைத் தடவிக்கொண்டே சுவர் வரைக்கும் போனார். பிளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இது பியூஸ் உள்ள பிளக்தானே. பியூஸ் பார்த்தீங்களா சேர்?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பார்க்கவில்லை.

"மில்லுல மோட்டர் நிண்டா முதல்ல கரண்ட் வருதாண்டுதான் பாப்பம். பொறகுதான் மோட்டரத் தொடுவம்" என்றார்.

சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஸ்குரூ டிரைவர் நுனியால் அந்தச் சின்ன மூடியை நெம்பி எடுத்தார். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கணினியையும் அணைத்து, அதன் பிளக்கிலிருந்த பியூஸை எடுத்து இதில் போட்டார். சுவரில் குத்தி சுவிட்சைப் போட்டோம். மொனிட்டரின் மூலையில் லைட் வந்தது. கணினி அணைந்திருந்ததால் ஸ்கிரீனில் 'நோ சிக்னல்' என்று எழுத்து ஓடியது.

அந்த மனிதர் காசைத் திரும்ப மடித்து சேட் பொக்கெட்டில் போட்டார். கோபப்படவில்லை. "பரவால்ல சேர். அவன் ரெண்டு ராவா ஒழுங்காத் தூங்கல்ல. நீங்களே அவன்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். அதைவிட அவர் ஏசியிருந்தால் எங்களுக்கு இலேசாக இருந்திருக்கும்.

இப்போது நடந்தது என்ன என்று விளக்குகிறோம். எங்கள் நாட்டில் இப்போது பொதுவாகப் பாவிக்கும் மூன்று சதுரப் பின் கொண்ட 13 அம்பியர் பிளக்கின் உள்ளேயே ஒரு சிறு பியூஸ் இருக்கிறது. மொனிட்டருக்குக் கரண்ட் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் மட்டும் வழமையை விட மிக அதிகமான மின்னோட்டம் உள்ளே பாயும். எங்கள் அறையில் தினமும் பிரதான சுவிட்சை ஒரேயடியாகப் போட்டு அணைக்கிறோம். வருடக்கணக்கில் அதைத் தாங்கித் தாங்கி பியூஸ் கம்பி பலவீனமாகி ஒரு நாள் அறுந்துவிடும். மொனிட்டரின் முன்னால் இருக்கும் பட்டனோ உள்ளே இருக்கும் போர்டுக்கு ஒரு சின்னச் சைகை கொடுப்பது மட்டும்தான். அதை அமத்தி பிளக்கிலுள்ள பியூஸை எரிக்க முடியாது. அதாவது அந்தப் பிள்ளை சொன்னது முழு உண்மை. பட்டனை அமத்தினான், எழும்பினான்.

மறுநாள் அவன் வந்தான். குற்றம் சொன்னது எல்லோர் முன்னாலும். ஆகவே மன்னிப்பும் அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன்னால் கேட்டோம். "மகன், நாங்க விசாரிக்காமச் சொல்லிட்டம். பிழை எங்கட" என்றோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடுத்த பாடத்துக்கு ஏழாம் இலக்கத்துக்குப் போகாமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். நாங்கள் வற்புறுத்தவில்லை. அது சரியாக நாள் எடுக்கும்.

அதன் பிறகு ஒரு வேலை செய்தோம். மொனிட்டர் எழும்பாவிட்டால் எதை முதலில், எதை அடுத்ததாகப் பார்ப்பது என்று ஒரு ஒழுங்கை எழுதி அறைச் சுவரில் ஒட்டினோம். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஒன்லைன் வகுப்புக்காகப் பாவித்த கொம்பியூட்டர் வாங்கிய வீடுகள் எங்கள் ஊரிலும் நிறைய. அவை இப்போது பழசாகி வருகின்றன. ஆகவே உங்களுக்கும் பயன்படும் என்று இங்கே தருகிறோம்.

முதலில், லைட்டைப் பாருங்கள். மொனிட்டரில் லைட்டே இல்லை என்றால் அதற்குக் கரண்ட் போகவில்லை என்று எடுத்துக்கொண்டு கீழே உள்ளதைப் பாருங்கள். லைட் மஞ்சளாக அல்லது சிமிட்டிக்கொண்டு இருந்தால் மொனிட்டர் உயிரோடு இருக்கிறது. கணினியிலிருந்து படம் வரவில்லை. இரண்டும் வேறு வேறு நோய். இதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் நல்ல மொனிட்டரைத் தூக்கிப் போடுகிறார்கள்.

இரண்டாவது, சுவர். அதே சொக்கெட்டில் போன் சார்ஜரைக் குத்திப் பாருங்கள். சார்ஜ் ஏறினால் சொக்கெட் நல்லது. மல்டி பிளக்கில் குத்தியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேரே சுவரில் குத்திப் பாருங்கள்.

மூன்றாவது, வயர். மொனிட்டருக்கும் கணினிப் பெட்டிக்கும் போகும் கரண்ட் வயர் பெரும்பாலும் ஒரே வகைதான். இரண்டையும் அணைத்துவிட்டு, பெட்டியின் வயரைக் கழற்றி மொனிட்டருக்குக் குத்துங்கள். எழும்பினால் வயர் அல்லது அதன் பியூஸ்தான் பழுது. நாங்கள் செவ்வாய்க்கிழமை இந்த ஒன்றை மட்டும் செய்திருந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். சில மொனிட்டர்களுக்கு லெப்டொப்புக்குப் போல தனியாக அடப்டர் இருக்கும். அதற்கு வேறு அடப்டர் போட்டுப் பார்ப்பதென்றால் அதில் எழுதியிருக்கும் வோல்ட் அளவு அதேயாக இருக்க வேண்டும். அம்பியர் அளவு அதே அல்லது அதை விடக் கூட இருக்க வேண்டும். பின்னின் அமைப்பும் பொருந்த வேண்டும்.

நான்காவது, பியூஸ். புதிதாகப் போடும்போது அதே அளவைப் போடுங்கள். மொனிட்டர் வயரில் வழமையாக 3 அல்லது 5 அம்பியர் இருக்கும். 3 அம்பியர் பியூஸ் எங்கள் 230 வோல்ட் கரண்டில் சுமார் 690 வொட் வரை தாங்கும். மொனிட்டருக்கு அது தாராளம். 13 அம்பியர் கைக்குக் கிடைத்தது என்று அதைப் போடாதீர்கள். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடுவதைச் சிலர் கெட்டித்தனம் என்று நினைக்கிறார்கள். அது வீட்டுக்குத் தீ வைக்கிற வேலை.

ஐந்தாவது, பின்னால் உள்ள சுவிட்ச். சில மொனிட்டர்களுக்குப் பின்புறம் அல்லது கீழே இன்னொரு சுவிட்ச் உண்டு. கூட்டித் துடைக்கும்போது கை பட்டு அணைந்திருக்கலாம்.

ஆறாவது, கொஞ்சம் ஓய்வு. வயரைக் கழற்றிவிட்டு, மொனிட்டரின் பட்டனை அரை நிமிடம் அமத்திப் பிடியுங்கள். சில நிமிடம் விட்டு மீண்டும் குத்துங்கள். கரண்ட் கூடிக் குறைந்து சிக்கிக்கொண்ட மொனிட்டர் சில வேளை இதில் எழும்பும்.

ஏழாவது, லைட் இருந்து படம் இல்லை என்றால்: படம் போகும் கேபிளைக் கழற்றுங்கள். 'நோ சிக்னல்' என்றோ அது போன்ற வேறு எழுத்தோ வந்தால் மொனிட்டர் நல்லது; கேபிளையும் கணினியையும் பாருங்கள். எழுத்தும் வராவிட்டால், கேபிளைத் திரும்பப் பூட்டி, கணினியைப் போட்டுவிட்டு, அறையை இருட்டாக்கி ஸ்கிரீனில் டோர்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் உள்ளே வெளிச்சம் தரும் பகுதி போயிருக்கிறது. அது திருத்துநர் வேலை.

இத்தனையும் பார்த்து எழும்பாவிட்டால் மட்டும் உள்ளே பழுது. அதில் அடிக்கடி காண்பது பவர் போர்டில் கபாசிட்டர் தலை வீங்கி நிற்பது. தெரிந்தவர் குறைந்த செலவில் மாற்றித் தருவார். ஆனால் நீங்கள் திறக்காதீர்கள், பிள்ளைகளைத் திறக்க விடாதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழைய பெரிய குழாய் மொனிட்டர் என்றால் இருபதாயிரம் வோல்டைத் தாண்டும். விளையாட்டு இல்லை.

இன்னொன்று. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியதும், 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுக்க இருண்டதும் நினைவிருக்கும். கரண்ட் போனால் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். திரும்பி வந்து கொஞ்சம் நிலைத்த பிறகு போடுங்கள். இடி மின்னலுக்கு சுவிட்ச் அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்றி வையுங்கள்.

இந்த ஒழுங்கில், வேலை செய்யாது என்று மூலையில் அடுக்கியிருந்த எங்கள் நாலு மொனிட்டர்களையும் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்தோம். ஒன்றுக்கு வயர் பழுது. இன்னொன்றுக்குப் பின்னால் இருந்த சுவிட்ச் அணைந்திருந்தது. எத்தனை மாதம் அப்படிக் கிடந்ததோ, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மற்ற இரண்டும் திருத்துநரிடம் போயிருக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ், இப்போது 13 கணினிகள் ஓடுகின்றன.

பெற்றோர்களே, வீட்டில் எழும்பாத மொனிட்டர் இருந்தால் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுக்க முன் இந்த ஒழுங்கில் ஒரு தடவை பாருங்கள். பாவிக்காத நல்ல கரண்ட் வயர், பியூஸ் இருந்தால் கணினி அறைக்குத் தந்துதவுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறோம். வீட்டில் ஒரு சாமான் நின்றுபோனால், கடைசியாகத் தொட்ட பிள்ளையைக் கூப்பிட முன் சுவரில் கரண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் அப்படிப் பார்க்காததால் ஒரு பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. ஒரு தகப்பன் தன் பிள்ளை செய்யாத ஒன்றுக்காகக் கடன் காசோடு வந்து நின்றார்.

அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதினோம். பெயர் போட வேண்டாம் என்றார். போடவில்லை.