பட்டு வாங்கப் போனேன்

கலசப்பாக்கத்துக்குக் கிளம்பும்போதே என் சகதர்மிணி உத்தரவு போட்டுவிட்டாள்: "பக்கத்தில்தானே ஆரணி? பட்டுப் புடவை இல்லாமல் திரும்பாதீர்கள்!"

கலசப்பாக்கத்தில், "செய்யாறு எங்கே, ஐயா?" என்று ஒருவரைக் கேட்டேன். "அதில்தான் நிற்கிறீர்கள்" என்றார். ஒரே மணல்! ரதசப்தமியன்று திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவது இந்த ஆற்றுக்குத்தான்.

அந்த மணல், எப்போதோ படித்த டூஸான் நகரத்தை நினைவூட்டியது. அமெரிக்காவில் ஒரு பாலைவனத்து ஊர் அது. 1854-ல் மெக்ஸிகோவிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு வந்தது. கொடி மாறினாலும் மெக்ஸிகோச் சமையலும் சுவர்ச் சித்திரங்களும் ஊரை விட்டுப் போகவில்லை. 2015-ல் யுனெஸ்கோ அதன் சாப்பாட்டுக்கே பட்டம் கொடுத்தது!

நம் ஆரணியும் வெளியூர்க்காரர்களை மடியில் வைத்து வளர்த்த ஊர்தான். போளூர் வழியாகப் பஸ் ஏறினேன். சத்ரபதி சிவாஜியின் தந்தை ஷாஜியின் காலத்தில் வேதாஜி பாஸ்கர் பந்த் என்ற மராட்டியர் இங்கே ஜாகீர் பெற்றார். அந்த வம்சத்தாரின் அரண்மனை சத்திய விஜய நகரத்தில் நிற்கிறது. ராஜாவும் இல்லை, தர்பாரும் இல்லை.

தறிச் சத்தம் மட்டும் இருக்கிறது. ஒரு சௌராஷ்டிரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். மகன் குழித்தறியில், மருமகள் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குள் சௌராஷ்டிர மொழி, என்னிடம் தமிழ். பாட்டி முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்துச் சுட்ட வடையைக் கொண்டு வந்து வைத்தாள். பச்சை நிறம் பார்த்து முதலில் பயந்தேன். நான்கு வடை தின்றேன்!

"நூல் கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து" என்றார் மகன். முன்னோர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத்தை விட்டு வந்தவர்கள். ஜரிகை இன்றும் அவர்களைத் தேடி அங்கிருந்து வருகிறது! காஞ்சிப் பட்டைவிட ஆரணிப் பட்டு கனம் குறைவு. நாள் முழுதும் உடுத்தலாம்.

மூலையில் இன்னொரு தறி. அதன்மேல் துண்டுகள் உலர்ந்தன.

"அது பேரனுடையது, தம்பி" என்றாள் பாட்டி. "அவன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்விட்டான். அடுத்த தெருவில் விசைத்தறி வந்தாயிற்று. இவன் பத்து நாள் நெய்யும் கூலியைக் கேட்டால் பேரன் சிரிக்கிறான்."

"மருமகள் பிள்ளையை வரச் சொல்லவில்லையா?"

மருமகள் தலை நிமிரவில்லை. "எந்த வாயால் வரச் சொல்வேன்?" என்றாள்.

கடைவீதியில் மாம்பழ நிறப் புடவை ஒன்று எடுத்தேன். விலை சொன்னார்கள். வழக்கம்போல் குறைத்துக் கேட்க வாய் வந்தது. அந்தக் குழித்தறி கண்ணுக்கு முன்னே நின்றது.

வீட்டில் சகதர்மிணி புடவையைப் பிரித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு பில்லைப் பார்த்தாள்.

"பேரம் பேசவே இல்லையா நீங்கள்?"

"இல்லை. அந்தப் பச்சை வடை எப்படிச் செய்வதென்று மட்டும் கேட்டு வந்தேன்!"