உண்ண மறுத்த விருந்தினன்

எங்கள் இல்லத்திற்கு விருந்தினர் வருவது புதிதன்று. குன்னூரின் குளிர்ச்சியை நாடிக் கோடையில் முன்னறிவிப்பின்றி வந்திறங்கும் உறவினர் எங்களுக்குப் பலர் உண்டு. ஆயினும், 2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில் எங்கள் மகன் ஒரு கண்ணாடிக் குடுவையில் கொண்டுவந்து வைத்துச் சென்ற விருந்தினனைப் போல எங்களை வாட்டியவர் எவருமிலர்.

இரண்டு அங்குல நீளம். கருநீலத்தில் சிவப்புத் தோய்ந்த மேனி. பட்டுப் புடவையின் முந்தானை போல் விரிந்த வால். கடைக்காரர்கள் அதனை 'ஃபைட்டர்' என்பர். எங்கள் இருவருள் காது சற்று மந்தமானவர் அதனைப் 'பீட்டர்' என்று கேட்டுவிட்டமையால், அன்று முதல் அதன் பெயர் பீட்டர் ஆயிற்று. மீன் பிடித்தவரின் பெயரை மீனுக்கு இடுவது முறைதானா என்று சிரித்துக்கொண்டோம். பேரனுக்கும் அப்பெயர் பிடித்துவிட்டது.

மகனுக்குச் சென்னையிலிருந்து போபாலுக்கு மாற்றலாகியிருந்தது. நீண்ட இரயில் பயணத்தில் மீனைக் கொண்டுசெல்ல இயலாது. கொளத்தூர் வண்ணமீன் கடையொன்றில் தன் எட்டாம் பிறந்தநாளுக்கு வாங்கிய அம்மீனைப் பேரன் அழாமல் எங்களிடம் ஒப்படைத்தான். கூடவே ஒரு சிறு டப்பா. அதில் கடுகு போன்ற தீவன உருண்டைகள். "காலையில் மூன்று, மாலையில் மூன்று. அதற்குமேல் போடாதீர்கள், தாத்தா" என்று இருமுறை கூறினான்.

மறுநாட் காலையில் மூன்று உருண்டைகளை இட்டோம். பீட்டர் திரும்பிப் பார்க்கவில்லை. புதிய இடமல்லவா என்று தேற்றிக்கொண்டோம். மாலையிலும் அவ்வாறே. அடுத்த நாள் ஓர் உருண்டையை வாயில் வாங்கினான். உடனே, கசப்பு மருந்தைத் துப்பும் குழந்தையைப் போலத் துப்பிவிட்டான்.

பிள்ளைகளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்: ஒருவன் உண்ண மறுத்தால் வீட்டிலுள்ளோர் அறிவு தடுமாறிவிடும். மூன்று போதாதோ என்று ஆறு இட்டோம். உருண்டை பிடிக்கவில்லையோ என்று அவித்த முட்டையின் மஞ்சட் கருவில் ஒரு துணுக்கு இட்டோம். சோற்றுப் பருக்கையும் இட்டோம். இதனைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது, ஏனெனில் அவன் சோறு உண்ணும் இனத்தவனே அல்லன். மூன்றாம் நாள் குடுவை நீர் பாலில் கழுவியதுபோல் கலங்கி, முகத்தைச் சுளிக்க வைக்கும் நாற்றம் எழுந்தது. உண்ணாத தீவனம் அழுகும்போது நீரில் அம்மோனியா தோன்றும். அது மீனின் செவுள்களைப் புண்படுத்தும். அன்பென்று நினைத்து நாங்கள் இட்டதெல்லாம் அவனுக்கு நஞ்சாகிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் ஒவ்வொரு நாள் மாலையும் தொலைபேசி ஒலிக்கும். பேரனின் முதல் கேள்வி ஒன்றே: "பீட்டர் சாப்பிட்டானா?"

முதல் நாளே, "சாப்பிட்டான்" என்று கூறிவிட்டோம். யார் முந்திக்கொண்டு கூறியது என்பதில் இன்றும் எங்களுக்குள் வழக்குண்டு, அது கிடக்கட்டும். புதிய ஊர், புதிய பள்ளி, புரியாத இந்தி மொழி ஆகியவற்றுக்கு நடுவே தவிக்கும் பிள்ளையிடம் வேறென்ன சொல்வது? இரண்டாம் நாள் அந்தப் பொய்யைக் காக்க மற்றொன்று தேவைப்பட்டது. மூன்றாம் நாள், "விரும்பிச் சாப்பிட்டான்" என்று அழகுபடுத்தினோம். வீட்டிலிருந்தது பழைய பொத்தான் கைப்பேசி. படம் காட்டச் சொல்லி அவன் கேட்க வழியில்லை. அது அப்போது எங்களுக்கு நல்லதாகவே பட்டது.

ஆறாம் நாள் பீட்டர் குடுவையின் அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தான். நீந்தவில்லை. எப்போதேனும் மேலெழுந்து ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு மீண்டும் அடியில் அமர்ந்தான். இனி இவன் பிழைக்கமாட்டான் என்றே எண்ணினோம். அவன் இறந்தபின் உண்மையைக் கூறுவதினும், இருக்கும்போதே கூறிவிடுவது மேல் என்று அன்று மாலை முடிவு செய்தோம். தொலைபேசி ஒலித்ததும், "ஆறு நாளாக அவன் ஒன்றும் சாப்பிடவில்லை, கண்ணு. நாங்கள் உன்னிடம் பொய் சொன்னோம்" என்றோம். மறுமுனையில் சற்று நேரம் ஓசையில்லை. பிறகு அழுகை. பிறகு மருமகளின் குரல். அதுவும் அவ்வளவு இனிமையாக இல்லை. அன்றிரவு நாங்களும் சரியாக உண்ணவில்லை.

மறுநாட் காலை, பள்ளிக்குப் புறப்படுமுன் அவனே அழைத்தான்.

"தாத்தா, அங்கே குளிருதா?"

"மார்கழி வரப்போகிறதே, குளிராமல் இருக்குமா?"

"நீங்களும் பாட்டியும் ஸ்வெட்டர் போட்டிருக்கிறீர்களா?"

"போட்டிருக்கிறோம்."

"பீட்டருக்கு?"

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 6,000 அடி உயரத்திலுள்ள ஊரில், கம்பளிக்குள் அமர்ந்துகொண்டு, சன்னலோரத்துக் குடுவையில் ஒரு தடவைகூட விரலை வைத்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை! காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை நீரில் இட்டோம். 35 டிகிரிக்குக் கீழே அதற்குக் கணக்குத் தெரியாது. அண்டை வீட்டிலிருந்த ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் தம்முடைய ஆய்வுக்கூட வெப்பமானியைக் கொணர்ந்தார். அது 16 டிகிரி செல்சியஸ் காட்டியது.

இம்மீனின் தாயகம் தாய்லாந்து. அந்நாட்டின் நெல்வயல்களிலும், ஆழமற்ற சதுப்பு நீரிலும், வாய்க்கால்களிலும் வாழ்வது. 'கடிக்கும் மீன்' என்னும் பொருளில் அங்கு 'பிளா கட்' என்பர். 2019-இல் அந்நாட்டு அரசு இதனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. தலையினுள் அமைந்த தனி உறுப்பொன்றால் காற்றை நேரே சுவாசிக்கவல்லது. சிறு குவளையிலும் உயிர் தரித்திருப்பது இதனாலேயே. உயிர் தரிப்பதையே நல்வாழ்வு என்று கொண்டு, 'இதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும்' என்று விற்பவர்களும் உளர். உண்மையில் அதற்கு 24 முதல் 28 டிகிரி வரை வெப்பம் வேண்டும். மீனின் உடல் நீரின் வெப்பத்தையே தன் வெப்பமாகக் கொள்வது. நீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், பசி அடங்கிவிடும். பீட்டர் அடம் பிடிக்கவில்லை, விறைத்துப் போயிருந்தான்.

அன்றே கோயம்புத்தூர் சென்று 15 லிட்டர் கொள்ளும் தொட்டியும், மூடியும், 25 வாட் ஹீட்டரும் வாங்கி வந்தோம். திடீரென்று சூடேற்றலாகாது என்பதால், ஒரு பகல் முழுவதும் சிறிது சிறிதாக வெப்பத்தை உயர்த்தினோம். மின்தடை ஏற்படும் இரவுகளில் தொட்டிக்குக் கம்பளி போர்த்தினோம். மூன்று நாட்களுக்கு ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றினோம். குழாய் நீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்து, குளோரின் போனபின் இளஞ்சூடாக்கியே ஊற்றினோம்.

இரண்டாம் நாள் பீட்டர் எழுந்து நீந்தினான். கண்ணாடியில் தன் நிழலைக் கண்டு செவுள் மூடிகளை விரித்துச் சினந்தான். ஆனால் உருண்டையை மட்டும் மீண்டும் துப்பினான்! இதனைக் கூறியதும் பேரன் குரலைத் தாழ்த்தினான்.

"பாட்டி, அம்மாவிடம் சொல்லாதீர்கள். நான் அவனுக்குக் கொசுப்புழு கொடுப்பேன். மாடியில் பூந்தொட்டித் தட்டில் இருக்கும்."

டெங்குவுக்கு அஞ்சி வீட்டில் ஒரு சொட்டு நீரும் தேங்கவிடாத அவன் தாய்க்கு இது தெரிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். பொய்யுரைத்த எங்களுக்கு அவனைக் கடிந்துகொள்ளும் உரிமையும் இல்லை. சண்டை மீன் ஊன் உண்பது. மேல்நோக்கிய அதன் வாய், நீர்ப்பரப்பில் திரியும் பூச்சிகளையும் புழுக்களையும் கவ்வுவதற்கென்றே அமைந்தது. துள்ளும் இரையைச் சுவைத்தவனுக்கு உலர்ந்த உருண்டை எப்படிப் பிடிக்கும்?

குளிரிலே கொசுப்புழுவுக்கு எங்கே போவது? மலையடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையத்தில் எங்கள் தங்கை வீட்டுக் கொல்லையில், கவனிப்பாரற்ற சிமெண்டுத் தொட்டி ஒன்றுண்டு. மருந்துப் புட்டியில் ஐம்பது புழுக்களோடு பேருந்தில் வந்தோம். பக்கத்து இருக்கைக்காரர், "என்ன மருந்துங்க அது?" என்று வினவியபோது இருமி வைத்தோம்.

நல்ல நீரில் அலசி ஒரு புழுவை விட்டோம். பீட்டர் அசையாமல் நின்றான். உடல் வில்லாக வளைந்தது. அடுத்த நொடி புழுவைக் காணோம். இருவரும் கைதட்டினோம்.

எஞ்சிய புழுக்கள் கொசுவாகுமுன் தங்கை வீட்டுத் தொட்டியைக் கவிழ்த்துவிடச் சொல்லிவிட்டோம். உறைபனிப் பெட்டியில் வைத்து விற்கும் சிவப்புப் புழுக்களைப் பிறகு வாங்கினோம். ஒரு புழு, அதன் பின்னே நீரில் ஊறிய ஓர் உருண்டை என மாற்றி மாற்றி இட்டோம். அவன் வயிறு அவன் கண்ணளவே என்பது மீன் வளர்ப்போர் கூறும் கணக்கு; அதனை மறவாதிருந்தோம். உருண்டையைத் துப்பாமல் விழுங்க அவனுக்கு ஐந்து வாரங்கள் பிடித்தன.

மாலையில் தொலைபேசி ஒலிக்கிறது. கேள்வி சற்றே மாறியிருக்கிறது.

"இன்றைக்கு எத்தனை, தாத்தா?"

"மூன்று போட்டோம். இரண்டு தின்றான். ஒன்றைத் துப்பிவிட்டான்."

"துப்பியதை எடுத்தீர்களா?"

"எடுத்துவிட்டோம்."

"தண்ணீர்?"

"இருபத்தாறு."

"சரி. பாட்டியிடம் கொடுங்கள்."